பாதி அணை போதும், மச்சான்

மேலாற்று மீனவர் சங்கத் தலைவரும் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனுமாகிய பெரிய மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, அணைக்காரன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகமா என்று கேட்டால், உடம்பைப் பொறுத்தவரை சுகம். மற்றதெல்லாம் படிக்கப் படிக்கத் தெரியும். அங்கே உங்கள் முழங்கால் வலியும், படகில் விழுந்த ஓட்டையும், என்மேல் உங்கள் வீட்டு அக்காவுக்கு இருக்கும் கோபமும் ஓரளவு அடைபட்டிருக்கும் என்று நம்புகிறேன். நீங்களும் நானும் நேரே பேசி ரொம்ப நாளாகிறது. இதுவரை நான் சொல்ல வேண்டியதை உங்கள் தங்கையிடம் சொல்வேன், அவள் தொலைபேசியில் உங்களிடம் சொல்வாள், நீங்கள் சொன்னதை இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து என்னிடம் சொல்வாள். இந்தத் தடவை, "நான் என்ன தபால் பெட்டியா? உங்க வாயால நீங்களே சொல்லுங்க, இல்ல கையால எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். தலைவருக்கு எழுதுவதா மச்சானுக்கு எழுதுவதா என்ற குழப்பத்திலேயே நிறையத் தாள் கிழிந்துவிட்டது. தலைவருக்கு என்றால் புகார், மச்சானுக்கு என்றால் கெஞ்சல். இதில் இரண்டும் கலந்து கிடக்கிறது, எந்த வரி யாருக்கு என்று நீங்களே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அணையின் இடது பாதியை உடைத்து முடித்துவிட்டார்கள். வலது பாதியும், அதை ஒட்டிய என் குவார்ட்டர்ஸும் இன்னும் நிற்கின்றன. உங்கள் சங்கம் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் வலது பாதியைத் தொடுவார்களாம். இல்லையென்றால் நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவிடவும் வழி இருக்கிறதாம். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். ஆற்றுக்குப் பாதி, எனக்குப் பாதி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால்கூட இப்படித்தானே பிரிப்பார்கள். உங்கள் மீனுக்கு எவ்வளவு அகலமான வழி வேண்டியிருக்கிறது? இடது பக்கம் திறந்த வழியில் ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம்.

இந்த அணை உடைந்ததில் என் பங்கு ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்து எல்லாம் என் பங்காகவே வருகிறது. அது எப்படி என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, இந்த அணை ஒரு நூல் ஆலைக்கு மின்சாரம் எடுக்கக் கட்டியது. ஆலையை மூடி, அந்த இடத்தில் மரச்சாமான் கடை வந்து, கடையையும் மூடிவிட்டார்கள். நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் என் இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை, என்னைக் காலி பண்ணவும் சொல்லவில்லை. அணைக்கு வேலையில்லை, அணைக்காரனுக்கும் வேலையில்லை, சரிதான். ஆனால் அது ஷட்டருக்குத் தெரியுமா? சும்மா விட்டால் துருப்பிடித்துவிடும். அதனால் தினமும் காலையில் அணையின் அபாயச் சங்கை ஊதிவிட்டு, கைச்சக்கரத்தை ஒரு சுற்று ஏற்றி ஒரு சுற்று இறக்கி வைப்பேன். அதில் ஷட்டர் விரற்கடை உயரம்கூட எழும்பாது. வாரத்துக்கு ஒரு தரம் திருகு கம்பிக்குக் கிரீஸ். சங்கு எதற்கென்றால், ஷட்டரைத் தொடுவதற்கு முன்னால் கீழே ஆற்றில் நிற்பவர்களை எச்சரிக்க வேண்டும் என்பது விதி. ஆற்றில் யாரும் நிற்பதில்லை. விதி நிற்கிறதே.

இப்படி இருக்கும்போதுதான் ஆற்றுத் துறையிலிருந்து பெரிய தொப்பி வைத்த ஒரு அம்மா வந்தார். நானோ அணைக்குப் பெயின்ட் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோனவன். தொப்பியைப் பார்த்ததும் பெயின்ட்டுக்குத்தான் ஆள் வந்துவிட்டது என்று முடிவு பண்ணிவிட்டேன். டீ போடச் சொல்லி உட்கார வைத்தேன். அவர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஐயா, அணையில எங்கெங்க பலவீனமா இருக்குனு கொஞ்சம் காட்ட முடியுமா?" என்று கேட்டார். மச்சான், இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறைதான். செடி முளைத்த வெடிப்பைக் காட்டினேன். கம்பி தெரிகிற இடத்தைக் காட்டினேன். மூன்றாவது ஷட்டருக்குப் பக்கத்தில் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தைத் தட்டி, உள்ளே காலியாகச் சத்தம் வருவதைக் கேட்க வைத்தேன். பழைய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நான்தான் நிற்பேன், அதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவு தெளிவா எங்களுக்கு யாருமே சொன்னதில்லைங்க ஐயா" என்றார். நான் இரண்டாவது டீ சொன்னேன்.

போகும்போது வாசலில் நின்று, "வேலையை மேல இருந்து ஆரம்பிச்சா நல்லதா, அடியில இருந்தா?" என்று கேட்டார். "அடியில இருந்துதாம்மா. அடி முடிஞ்சா மேல தன்னால முடிஞ்சிரும்" என்றேன். பெயின்ட்டை மனதில் வைத்துத்தான் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். டப்பா டப்பாவாகப் பெயின்ட் வந்து இறங்கும் என்று கொட்டகையைக் காலி பண்ணி, பெருக்கி, பழைய தூரிகைகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். வந்து இறங்கியது பொக்லைன் வண்டி. கொட்டகை காலியாக இருந்ததால் அதையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம்தான் திட்ட அறிக்கை என்று ஒரு பளபளப்பான புத்தகம் வந்தது. அட்டையைத் திருப்பினால் முதல் பக்கத்தில் நான், கையில் டீ டம்ளரோடு சிரிக்கிறேன். படத்துக்குக் கீழே 'அணையின் பலவீனங்களைக் கண்டறிய உறுதுணையாக நின்றவர்' என்று நன்றி போட்டிருக்கிறது. உங்கள் தங்கை அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். "கல்யாணப் படத்துலகூட நீங்க இப்படிச் சிரிக்கல" என்கிறாள். ஊருக்குள் போனால் ரொட்டிக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், முடிதிருத்துபவர் என் தலையைத் தொடமாட்டேன் என்கிறார். அணையைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டது. நான் அணைக்கு வெள்ளையடிக்கக் கேட்டவன் மச்சான், வேறு ஒரு பாவமும் அறியேன்.

பெயரைத் துடைக்க ஒரே வழி, பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிற ஊர்க்கூட்டத்தில் எழுந்து அணைக்காகப் பேசுவது என்று தீர்மானித்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். முன்வாசலில் கூட்டம் நெரிந்தது, அதனால் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவு வழியாக நுழைந்தேன். நுழைந்தால் அது மேடை. யாரோ ஒருவர், "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று நாற்காலி போட்டார். மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தேன். முன்வரிசையில் உங்கள் தங்கை, புதுச்சேலை. அவள் எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். "இந்த அணையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தேன். "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து ஒரு மீன், ஒரே ஒரு மீன், இந்தச் சுவரைத் தாண்டி மேல போனதில்ல. முட்டை போடுற காலத்துல கூட்டம் கூட்டமா வரும். வந்து முட்டும். குதிக்கும். விழுந்து திரும்ப வந்து முட்டும். மூக்கு உடைஞ்சு ரத்தம் வர்ற வரைக்கும் முட்டும். சுவர் அசையணுமே? அசையாது. அப்பேர்ப்பட்ட சுவர்ங்க இது." சுவரின் உறுதியை இதைவிட நன்றாக யாராவது சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு வலைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டலை ஆரம்பித்து வைத்ததே உங்கள் தங்கைதான். கூட்டத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பக்கத்து நியாயத்தை இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் குடிக்கத் திரும்பியபோதுதான் பின்னால் கட்டியிருந்த துணியைப் படித்தேன். 'அணை அகற்றும் குழு'. எதிர்ப்பக்கம் அணை காக்கும் குழுவாக உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரரும் முடிதிருத்துபவரும் தலைமையாசிரியையும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

மறுநாள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, கதவு மாறி நுழைந்த கதையைச் சொன்னேன். நம்பினார்களோ, பாவப்பட்டார்களோ, மன்னித்துவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர், "அணைக்காரரே, கவலைப்படாதீங்க, ஊரே உங்க பின்னால நிக்குது" என்று தட்டிக்கொடுத்தார். சொன்னபடியே ஊரே வந்தது. பலகை பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார்கள், நான் முன்னால் நடந்தேன். முன்னால் நடந்ததால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றுத் துறை ஆபீஸ் வாசலில் போய்த் திரும்பிப் பார்த்தால் எல்லாப் பலகையிலும் 'எங்கள் சங்கை எடுக்காதே' என்றுதான் இருக்கிறது. அணையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இந்த ஊரில் ரொட்டி அடுப்பிலிருந்து இறங்குவது என் சங்கைக் கேட்டு, கடை திறப்பது என் சங்கைக் கேட்டு, பள்ளிக்கூட மணி அடிப்பது என் சங்கைக் கேட்டு. ஷட்டரைத் தூக்குவதற்காக ஊதுகிறேன் என்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தொப்பி அம்மா வெளியே வந்து, "சங்கு மட்டும் போதுங்களா? அதைப் பள்ளிக்கூட மாடில வெச்சுத் தந்தா சரியா?" என்று கேட்டார். "தாராளமா போதும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். போராட்டம் வெற்றி. எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள், நானும் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் நாம் தோற்றுவிட்டோம் என்று புரிந்தது. நாம் என்றால் நானும் அணையும்.

இதில் இன்னொரு கூத்து. பள்ளிக்கூட மாடியில் வைத்த சங்கு தானாகவே சரியான நேரத்துக்கு ஊதுகிறது. நான் ஊதிய நேரம் சரியான நேரம் இல்லையாம். உண்மைதான், உங்கள் தங்கை எனக்கு இரண்டாவது டீ தந்த பிறகுதான் நான் எழுந்துபோய் ஊதுவேன், அவள் தாமதமாகத் தந்தால் ஊர் தாமதமாக விடியும். இப்போது எல்லோரும் எல்லா இடத்துக்கும் முன்னதாக வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். ரொட்டி நடுவில் மாவாக இருக்கிறது. "அது தானா ஊதுறதைக் கேட்கவே மாட்டேன், என் காது நீங்க ஊதுறதுக்குத்தான் பழகிக் கிடக்கு" என்கிறார் ரொட்டிக்கடைக்காரர். வாய்க்கு இனிமையாகத்தான் சொல்கிறார், ஆனால் அணை வேண்டுமா என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அப்புறம் தண்ணீரை மெல்ல மெல்ல வடித்தார்கள். வடிக்க வடிக்க, ஊரில் தொலைந்தவை எல்லாம் சேற்றிலிருந்து எழுந்து வந்தன. களவு போனதாகத் தபால்காரர் எழுதிக்கொடுத்த சைக்கிள் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவிட்டாள் என்று உங்கள் தங்கை இத்தனை காலம் பேசாமல் இருந்தாளே, அந்தப் பெரிய பித்தளைப் பாத்திரமும் கிடைத்தது. நான்தான் கழுவும்போது தவறவிட்டிருப்பேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. வாடகைப் படகுக்காரரின் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. அவர் அசரவில்லை, படகில் உட்கார்ந்து பார்ப்பதற்கு டிக்கெட் கொடுக்கிறார். போய் உட்காருகிறார்கள். சேறு காய்ந்த இடமெல்லாம் என்னைக் கேட்காமல் புல் முளைத்துவிட்டது. குளம் மாதிரி சத்தமில்லாமல் கிடந்த தண்ணீர், இப்போது ஆறு என்று பெயர் வைத்துக்கொண்டு நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடுகிறது. ரேடியோவை எவ்வளவு திருகினாலும் கேட்கவில்லை. உங்கள் தங்கை வாசலில் நாற்காலி போட்டு அதைத்தான் கேட்கிறாள். "இது எங்க ஊர்ச் சத்தம்" என்கிறாள்.

இடது பாதியை உடைக்க வந்த பொக்லைன்காரர் நல்ல மனிதர், ஆனால் வாய் சரியில்லை. முதல் நாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, "என்னங்க சுவர் இது, வெண்ணெய் மாதிரி வருது" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "நீங்க தட்டுற இடம் அப்படி. அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வேற இடத்துல தட்டிப் பாருங்க" என்றேன். மறுநாள் வேறு இடத்தில் தட்டி, இயந்திரத்தின் முனை ஒடிந்து ஒரு நாள் முழுக்க வேலை நின்றது. அன்றைக்கு அவருக்கு டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். இப்படி நான் ஒரு நாள் உடைக்க வழி காட்டுகிறேன், மறுநாள் உடையவில்லை என்று மகிழ்கிறேன். இரண்டு குழுவும் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு அனுப்புகின்றன. இரண்டுக்கும் போகிறேன். இரண்டிலும் கை தட்டுகிறார்கள். நான் யார் பக்கம் என்று தெரிந்தவர் யாராவது எனக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இனி வீட்டு விஷயம். வலது பாதி போனால் குவார்ட்டர்ஸும் போகும். உங்கள் தங்கை இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். "நான் அண்ணன் ஊருக்குப் போறேன். ஆறு திறந்தாச்சு, மீன் வரும், வலை போடத் தெரிஞ்சவ நான், எனக்கு அங்க வேலை இருக்கு. நீங்க வர்றதா இருந்தா வாங்க. ஆனா அண்ணன் உங்களை உள்ள விடுவாரான்னு எனக்குத் தெரியாது, அதை நீங்களே கேட்டுக்கங்க" என்கிறாள். இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, இதைச் சொல்லும்போது அவள் பெட்டிக்குக் கயிறு இறுக்குவதை நிறுத்தவில்லை மச்சான். முடிச்சுக்கு விரல் வைத்துக்கொடுத்தது நான்தான்.

நீங்கள் என்னை ஏன் உள்ளே விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முன்பு ஒரு தடவை நீங்கள் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "மாப்ள, மீன் கீழ வந்து நிக்குது. ஒரே ஒரு நாள் ஷட்டரைத் தூக்கி விடு. மேல எங்க வலையெல்லாம் காயுது" என்று கேட்டீர்கள். நான் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள், அதற்கப்புறம் இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நான் இப்போதும் அதைத்தான் சொல்லுவேன். உத்தரவு இல்லாமல் ஷட்டரைத் தொட முடியுமா? ஆளாளுக்கு வந்து தூக்கச் சொன்னால் தூக்குவதற்கு அது என்ன சமையலறை ஜன்னலா? நான் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது என்று எத்தனையோ முறை உங்கள் தங்கையிடம் கேட்டிருக்கிறேன், அவள் பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவுவாள். பதில் இல்லாததால் நான் சரி என்றுதான் இதுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே மச்சான், தலைவர் அவர்களே, கேட்பது ஒன்றுதான். வலது பாதியை விட்டுவிடுங்கள். அதில் மூன்று ஷட்டரும் ஒரு கைச்சக்கரமும் இருக்கின்றன, எனக்கு அது போதும். என்னை இந்த ஊரில் எல்லோரும் அணைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ரேஷன் கடையில்கூட அதுதான் பெயர். அணையே இல்லாவிட்டால் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? கூப்பிடாமலே விட்டுவிட்டால் என்ன செய்வேன்? பாதி அணை இருந்தால் குவார்ட்டர்ஸ் இருக்கும், குவார்ட்டர்ஸ் இருந்தால் அவளும் பெட்டியைப் பிரிப்பாள். பிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன், கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்தால் அதையே என்னை மன்னித்ததாக எடுத்துக்கொள்கிறேன். போட்டுவிட்டால் நான் எங்கே போவது என்பதையும் அந்தத் தாளிலேயே ஓரமாக எழுதிவிடவும்.

உங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு என் வணக்கம், இளையவர்களுக்கு என் ஆசி, என்மேல் கோபமாக இருப்பவர்களுக்கு இரண்டில் எது வாங்கிக்கொள்ளச் சம்மதமோ அது. படகை நிழலில் ஏற்றி வையுங்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
பாதி அணைக்காரன்

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு இன்று காலை தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். தண்ணீர் வடிந்த பிறகு சுவருக்குக் கீழே ஓரமாக நடந்துபோக ஒரு வழி வந்திருக்கிறது, அதில் போனால் கடைத்தெரு பக்கம். போகும்போது வலது பாதியின் அடியில், மூன்றாவது ஷட்டருக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் சளசளவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் மீன். பள்ளம் கறுப்பாகத் தெரியும் அளவுக்கு மீன். இடது பக்கம் ஊர்வலம் போகிற மாதிரி வழி திறந்து கிடக்க, இவை ஷட்டரில் கசிகிற தண்ணீரைப் பார்த்து இந்தப் பக்கம் வந்துவிட்டன. பக்கவாட்டுக் கதவில் நுழைகிற ஆட்கள் மீனிலும் இருக்கிறார்கள் போல. "அந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம் வழி இருக்கு" என்று குடையை நீட்டிக் காட்டினேன், தண்ணீரைத் தட்டி விரட்டினேன். கேட்கவில்லை. முட்டின. குதித்தன. விழுந்து திரும்ப வந்து முட்டின. இத்தனை காலமும் சுவரின் உச்சியில் நின்று பார்த்தவன் நான், அங்கிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். கீழே, முழங்கால் உயரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் முகம் இருக்கிறது. ஒன்றுக்கு மூக்கில் ரத்தம். மேடையில் இதைத்தான் நான் பெருமையாகச் சொன்னேன் மச்சான். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மேலே ஏறினேன். சக்கரத்தைத் தொடக் கூடாது என்று ஆற்றுத் துறை கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்தேன். சக்கரம் ஒரு கையால் சுற்றியது. இவ்வளவு காலம் எதற்குக் கிரீஸ் போட்டேன் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிச் சுற்றில் ஞாபகம் வந்தது, சங்கு ஊதவில்லை. சங்கோ பள்ளிக்கூட மாடியில் இருக்கிறது. விதியை எப்படி விடுவது? இரண்டு கையையும் வாயருகில் குவித்து, என்னால் முடிந்த மட்டும், பழைய சங்கு மாதிரியே நீட்டி ஊளையிட்டேன். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டியை எல்லாம் வெளியே எடுத்துவிட்டாராம், முடிதிருத்துபவர் பாதிச் சவரத்தில் எழுந்து கடை வாசலுக்கு வந்துவிட்டாராம். உங்கள் தங்கை கரண்டியோடு ஓடி வந்தாள். கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கரண்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, சக்கரத்தின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து முழுக்க ஏற்றினோம். மீன் போய்க்கொண்டே இருந்தது. மூக்கு உடைந்ததும் போனது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகையால் மேலே நான் எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கையெழுத்தை உடனே போட்டு அனுப்புங்கள். பாதிச் சுவர் நின்றால் தினமும் இதைப் பார்க்க வேண்டியிருக்கும், எனக்குத் தெம்பில்லை. மூன்றாவது ஷட்டர் பக்கம் உள்ளே காலி, அங்கே தட்டினால் சீக்கிரம் விழும் என்று பொக்லைன்காரரிடம் மறுபடியும் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கையின் பெட்டியில் என் சட்டைகளும் ஏறிவிட்டன, அவளே எடுத்து வைத்தாள். மீன் முன்னால் வந்துகொண்டிருக்கிறது, நாங்கள் பின்னால் வருகிறோம். மூக்கு உடைந்தது வலையில் விழுந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நாளைக்குத் தொப்பி அம்மா வந்து, யார் உத்தரவில் ஷட்டரைத் தூக்கினீர்கள் என்று கேட்பார். மேலாற்றிலிருந்து பெரிய மச்சான் உத்தரவு போட்டிருந்தார், நிறைவேற்றக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சொல்லப் போகிறேன். அவர் உங்களிடம் விசாரித்தால் ஆமாம் என்று சொல்லவும்.